தையல் கூலி

செட்டிநாட்டில் ஏட்டில் ஏறாத கொடுக்கல் வாங்கல் குறைவு. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் எழுதுவார்கள். மொய்ப்பணத்துக்குத் தனி ஏடு உண்டு. அவர்களுடைய ஒன்பது கோயில்களில் ஒன்று எங்கள் இளையாத்தங்குடி கைலாசநாதர் கோயில். அங்கே கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி. நாங்கள் நகரத்தார் இல்லை, ஆனால் கணக்கு வைக்கும் பழக்கம் ஊரில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா யார் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன செய்தோம், பதிலுக்கு என்ன வந்தது என்று நாற்பது வருடக் கணக்கை மூச்சுவிடாமல் சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு செலவுக்கு மட்டும் முன்கூட்டி விலை கேட்கும் வழக்கம் இல்லை. பிள்ளைப்பேறு. "தாயும் பிள்ளையும் நல்லபடியா வந்தாச் சரி" என்பார்கள். அதற்குமேல் பேசுகிறவள் கல்நெஞ்சுக்காரி.

பேசித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். சில வருடங்களாக என் உறவுக்காரப் பெண்களிடமும் பள்ளித் தோழிகளிடமும் பிரசவ பில்களை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆறு பில்கள். கதைகளையும் கவிதைகளையும் வாசித்து எழுதிப் பழகிய கை இது; பில்லையும் பிரதியாகவே வாசிக்கத் தோன்றுகிறது. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற கேள்விகள் அதற்கும் பொருந்தும்.

முதல் பில் என் தங்கையுடையது. 2022. ஒரு சிறிய ஊரின் நர்சிங் ஹோம். ஒரே பக்கம். "எல்.எஸ்.சி.எஸ். பேக்கேஜ்" என்று 45,000 ரூபாய், கீழே மருந்துக்கடை, லேப், குழந்தை மருத்துவர் என்று மூன்று வரிகள். மொத்தம் 62,400. இரண்டாவது பில் என் சித்தி மகளுடையது. அதே வருடம், பெரிய நகரம் ஒன்றின் பெரிய மருத்துவமனை. நான்கு பக்கம், எழுபதுக்கும் மேற்பட்ட வரிகள், கையுறை ஜோடிகூடத் தனி வரி. மொத்தம் 1,38,000. இருவருக்கும் முதல் பிரசவம், இருவருக்கும் பத்தாம் மாதம், இரண்டு குழந்தைகளும் மூன்று கிலோவை ஒட்டி. இருவரும் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அடிவயிற்றில் இருக்கும் தழும்பை வைத்து எது அறுபத்திரண்டாயிரத்துத் தழும்பு, எது ஒன்றே கால் லட்சத்துக்கு மேற்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆபரேஷனுக்கு வேண்டியவற்றை எண்ணிப் பார்ப்போம். ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு உதவியாளர், ஒரு மயக்க மருத்துவர், பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு குழந்தை மருத்துவர், இரண்டு மூன்று நர்சுகள், ஒரு தியேட்டர். முதுகுத்தண்டில் போடும் ஊசி, தையல் நூல், ஆன்டிபயாடிக், குளுக்கோஸ் பாட்டில். சிக்கல் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மருந்தும் நூலும் காரைக்குடியில் ஒரு பொருள், மதுரையில் இன்னொரு பொருள் என்றில்லை. மாறுவது மற்றவை. சிறிய நர்சிங் ஹோமில் மயக்க மருத்துவர் போன் போட்டால் வருவார், கேசுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போவார். பெரிய இடத்தில் அவர் ராப்பகலாக உள்ளேயே இருப்பார். ரத்தம் உள்ளேயே இருக்கும். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் இன்குபேட்டர் அடுத்த மாடியில் இருக்கும். ஆபத்து வராத தொண்ணூறு பேரும் அதற்குச் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். அது நியாயமான செலவு, நான் மறுக்கவில்லை. கட்டிடக் கடனும், மேற்படிப்பு சீட்டுக்கு மருத்துவர் கொட்டிய பணமும் பில்லுக்குள் எங்கோ இருக்கின்றன. அவற்றுக்குத் தனி வரி போடமாட்டார்கள்.

சித்தி மகளின் நான்கு பக்கத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. அவள் எடுத்தது ஏ.சி. தனி அறை. அறை வாடகை கூடுவது புரிகிறது. ஆனால் பல மருத்துவமனைகளில் அறையின் தரம் ஏற ஏற, ஆபரேஷன் செய்யும் மருத்துவரின் கட்டணமும் தியேட்டர் சார்ஜும் நர்சிங் சார்ஜும் கூடவே ஏறும். பொது வார்டுக்காரிக்கும் ஏ.சி. அறைக்காரிக்கும் தியேட்டர் ஒன்றுதான், கத்தி ஒன்றுதான். ஏ.சி. அறைக்காரியின் தோல் கெட்டியா என்ன? இங்கே விலை வைக்கப்படுவது ஆபரேஷனுக்கு என்று சொல்ல முடியவில்லை. அவளைக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் சட்டைப்பைக்கு வைக்கிறார்கள்.

பேக்கேஜ் என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். எல்லாம் அடக்கம் என்ற நிம்மதியைக் கொடுக்கும் சொல் அது. தங்கையின் பேக்கேஜில் தாய் மட்டும் அடக்கம். பிள்ளை வெளியே வந்த நிமிடத்தில் அது தனி நோயாளி, அதற்குத் தனி எண், தனிக் கணக்கு. மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று நீலவிளக்கின் கீழ் வைத்தால் நாளுக்கு இவ்வளவு. பேக்கேஜ் மூன்று நாளுக்கா, ஐந்து நாளுக்கா? ரத்தம் ஏற்றினால் உள்ளேயா, வெளியேயா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்றால் கூடுதலா? மருந்தை அங்கேயேதான் வாங்கவேண்டுமா? அட்வான்ஸ் கட்டும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நேரமாகவும் அது இல்லை. பனிக்குடம் உடைந்த பெண்ணை வண்டியில் உட்காரவைத்துவிட்டு யார் கொட்டேஷன் வாங்குவார்கள்? சந்தையில் பேரம் பேசுகிறவருக்கு எழுந்து போகும் வசதி உண்டு. இந்தச் சந்தையில் அது இல்லை.

2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, இந்தியா முழுவதற்குமான சராசரியைச் சொல்கிறது. கிராமத்துப் பெண் தனியார் மருத்துவமனையில் சாதாரணமாகப் பெற்றால் சுமார் 12,900 ரூபாய். சிசேரியன் என்றால் சுமார் 29,400. நகரத்தில் அது 37,500ஐத் தொட்டது. இன்று இந்தத் தொகைகள் பழங்கதை. ஆனால் இரண்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள், இரு மடங்குக்கும் மேல். இப்போது நேரக்கணக்கைப் போடுங்கள். முதல் பிரசவத்தில் இடுப்பு வலி பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் இழுக்கும். ராத்திரி முழுக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்க்கவேண்டும், பிள்ளையின் துடிப்பைக் கேட்கவேண்டும். அதற்குக் குறைந்த கூலி. ஒரு மணி நேரத்தில், ராகு காலம் தவிர்த்து, புறநோயாளிகள் வருவதற்கு முன்னால் முடிந்துபோகும் வேலைக்கு இரு மடங்கு. பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டிலும் சாதாரணப் பிரசவத்துக்கு ஒரு வரம்பு, சிசேரியனுக்கு அதைவிட மேலான வரம்பு. எந்த மருத்துவரையும் கெட்டவர் என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை. காத்திருப்பதற்குக் காசு இல்லை என்ற ஏற்பாடு போதும்.

காத்திருப்பது எப்போதுமே பெண்களின் வேலை, அதனால்தான் அதற்கு விலை இல்லை என்றும் தோன்றுகிறது. மருத்துவச்சி செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அதற்கு முந்தைய சுற்றில் 34.1. தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8. இந்திய சராசரி 21.5. பத்து விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன் கூடுவதால் ஒரு மக்கள்தொகையில் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நம் அரசு மருத்துவமனைகளிலேயே 36 விழுக்காடு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லையென்றால் வாதம் நேர்மையாக இருக்காது. அங்கே லாபம் இல்லை. ஒரு தாய் இறந்தால் விசாரணை வருமே என்ற பயம் உண்டு, ஆள் பற்றாக்குறை உண்டு, முதல் பிள்ளை சிசேரியன் என்று அடுத்ததற்கு வருகிறவர்களின் வரிசை உண்டு. பணம் ஒரு காரணம், பெரிய காரணம், ஒரே காரணம் இல்லை.

இந்த இடத்தில் சிலர், குறிப்பாக இயற்கை வாழ்வியல் பேசும் ஆண்கள், "அந்தக் காலத்துல பத்துப் பெத்தாங்க" என்று ஆரம்பிப்பார்கள். பத்தில் எத்தனை நின்றது என்று என் அப்பத்தாவைக் கேட்டிருக்கவேண்டும். சிசேரியன் உயிர் காக்கும் ஆபரேஷன். குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கும், வாயை மறைத்துக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடிக்கும் வேறு வழி இல்லை. எனக்கு 'சுகப்பிரசவம்' என்ற சொல்மீதே சந்தேகம் உண்டு. யாருக்குச் சுகம்? கிழிந்து தையல் போட்டு உட்கார முடியாமல் ஒரு மாதம் கிடப்பவளிடம் போய்ச் சுகமா என்று கேட்டால் சொல்வாள். அந்தச் சொல் வலியை மறைக்கிறது. கூடவே, ஆபரேஷன் செய்துகொண்டவளை ஏதோ தேர்வில் தோற்றவள்போல நிறுத்துகிறது. ஆகவே சிசேரியன் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. அவள் உடம்பில் ஏன் செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்ற இரண்டும் அவளுக்குத் தெரியுமா என்று கேட்கிறேன்.

ஆறு பேரிடமும் கேட்டேன். "கொடி சுத்தியிருக்குன்னாங்க." "தண்ணி கம்மியாயிருச்சாம்." "தலை எறங்கலை." "பிள்ளைக்கு ஆபத்துன்னு சொன்னதும் அவுக கையெழுத்துப் போட்டுட்டாக." இவை ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளைகள் ஏராளம், பெரும்பாலும் நலமாகவே பிறக்கின்றன. துடிப்புக் குறையும்போதுதான் அது ஆபத்து. குறைந்ததா என்று சரிபார்க்க அவளிடம் எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் காரணம் எழுதும் இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துச் சுருக்கம். கடைசி வாக்கியத்தில் "அவுக" யார் என்று பார்த்தீர்களா? கணவர். ஆறில் நான்கு பேருக்குக் கணவரோ அப்பாவோதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நினைவோடு இருக்கும், வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவள் ஒப்புதல்தான் ஒப்புதல், அவள் தாய் கொடுத்தது செல்லாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தியேட்டர் வாசலில் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. பணம் கட்டுகிறவர் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான் நடைமுறை.

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே என்பார்கள். 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சிசேரியன், மருந்து, ரத்தம், சோதனை, ஏழு நாள் சாப்பாடு, போக வர வண்டி எல்லாவற்றுக்கும் கட்டணம் கிடையாது. இது சாதாரண விஷயம் இல்லை. இதனால் பிழைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனாலும் நான் மேலே சொன்ன அதே 75ஆவது சுற்றில், கிராமத்துப் பெண் அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொள்ள ஆன சராசரிச் செலவு சுமார் 5,400 ரூபாய். இலவசத்தின் விலை. அதில் வெளியே வாங்கிவரச் சொன்ன மருந்து இருக்கும், எடுத்த ஸ்கேன் இருக்கும். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுகிறவர் கைநீட்டுவதும் உண்டு. ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற யாரிடமும் கேளுங்கள். பெண் பிறந்ததும் முதலில் கிடைக்கும் தள்ளுபடி அது.

பிறகு ஏன் கடன் வாங்கித் தனியாருக்குப் போகிறார்கள்? என் தோழி ஒருத்தி, அங்கன்வாடி உதவியாளர், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள், சொன்னாள்: "ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான்க்கா. ஆனா வலியில கத்துனா, அன்னைக்கு நல்லா இருந்துச்சான்னு கேப்பாளுக. அதுக்குத்தான் நகையை வச்சேன்." அவள் நகையை வைத்து வாங்கியது மரியாதையை. பில்லில் அதற்கும் வரி இல்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தமிழ்நாட்டில் தனியாருக்குப் போகும் ஏழைப் பெண்களுக்குச் சிசேரியன் நடக்கும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. திட்டுக்குப் பயந்து ஓடியவள் கத்தியில் போய் விழுகிறாள்.

பில்லுக்கு வெளியே நிற்கும் செலவைப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை வைத்து அளந்து பார்க்கலாம். 2018இலிருந்து மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதனால் தோழியின் அம்மா ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 319 ரூபாய். முழு வேலை, முழுக் கூலி என்று வைத்தால் 45 நாளைக்கு 14,355. அரசு கொடுக்கும் பணம் முழுவதும் அம்மா இழந்த கூலிக்குக்கூடக் காணாது. மகள் இழந்த கூலி, அடகு வட்டி, வயிற்றுக்குக் கட்டும் பெல்ட், அடுத்த பிள்ளைக்கும் வயிற்றைத் திறக்கவேண்டிவரும் என்ற நிச்சயம் எல்லாம் கணக்கில் சேராதவை. "வயித்தைத் திறந்ததோட அதையும் பண்ணிரலாம்" என்று இரண்டாவது சிசேரியனிலேயே குடும்பக் கட்டுப்பாட்டையும் முடித்துவிடுவார்கள். ஆணுக்குச் செய்வது இதைவிடச் சின்ன ஆபரேஷன் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

விலையைக் கட்ட முடியாதா? முடியும். 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று தமிழ்நாடு அரசே உத்தரவு போட்டது. எல்லோரும் மதித்தார்களா என்பது வேறு. உத்தரவு போட முடிந்தது. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு மருத்துவ நிறுவன விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. தமிழ்நாடு அந்தச் சட்டத்துக்குள் வராமல் 1997இல் போட்ட தன் சட்டத்தோடு நிற்கிறது. 2017இல் மும்பையைச் சேர்ந்த சுபர்ணா கோஷ், மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விழுக்காட்டை வெளியிடவேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். அதையொட்டி, மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு அப்படி உத்தரவும் வந்தது. விலைப்பலகையைவிட அந்தப் பலகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூற்றில் எத்தனை என்று வாசலில் எழுதியிருந்தால், தங்கை எட்டாம் மாதத்திலேயே வேறு கதவைத் தட்டியிருக்கலாம்.

குஜராத்தில் சிரஞ்சீவி திட்டம் என்று 2005 கடைசியில் ஒன்று தொடங்கினார்கள். ஏழைப் பெண்களின் பிரசவத்தைத் தனியார் மருத்துவர்களிடம் ஒப்படைத்து, நூறு பிரசவத்துக்கு மொத்தமாக 1,79,500 ரூபாய் கொடுத்தார்கள். சாதாரணமோ சிசேரியனோ, தலைக்குத் தொகை ஒன்றே. சிசேரியன் குறைந்துதான் நடந்தது. கூடவே, சிக்கலான கேசுகளை எடுக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஒரே விலை வைத்தால் கத்தி ஓயும். ஆபத்தில் இருப்பவளும் வெளியே நிற்பாள். கட்டணத்தை மட்டும் திருகி இதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் குஜராத்தை ஒருமுறை படிக்கவேண்டும். இரவெல்லாம் கூட உட்கார்ந்திருக்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், அதுவும் திட்டாதவர்கள், ஒவ்வொரு பிரசவ வார்டிலும் வேண்டும்.

இனி, ஏன் யாரும் விலை கேட்பதில்லை என்று முதலில் சொன்னதற்கு வருகிறேன். வளைகாப்பு போட்டு அழைத்துவந்த பெண்ணின் தலைப்பிரசவச் செலவு பெண்வீட்டுடையது. நகையும் பாத்திரமும் தீபாவளிச் சீரும் போல ஆஸ்பத்திரி பில்லும் சீர் வரிசையில் ஏறிவிட்டது. எங்கே சேர்ப்பது என்று மாப்பிள்ளை வீடு சொல்லும். கட்டுவது எங்கள் அப்பா. தங்கைக்கு அரசு மருத்துவமனை போதும் என்று அம்மா சொன்னபோது, "எங்க வீட்டுப் பிள்ளையை அங்கேயா பெத்துக்கொண்டுவருவீக?" என்று சம்பந்தியம்மா கேட்டார். கட்டுகிறவர் கேட்டால் கஞ்சத்தனம். கேட்க உரிமை உள்ளவருக்குக் கேட்கவேண்டிய தேவை இல்லை. இப்படி வாயடைத்த வாடிக்கையாளரை எந்த வியாபாரிதான் வேண்டாம் என்பார்?

தங்கை இப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம். இரண்டாவது பிரசவம் எங்கள் பக்கத்தில் புருஷன் வீட்டுச் செலவு. போன வாரம் போன் செய்தாள். மாமியார் மூன்று நர்சிங் ஹோமில் விசாரித்துவிட்டாராம், பேக்கேஜில் எது அடக்கம், எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் ரொம்ப நல்லவர்களாம்.